நாற்பத்தோராயிரம் பேர்

வால்டிவியாவில் வருஷத்தில் பாதி நாள் மழை.
மீதிப் பாதியில் மழை வரப்போகிறது.
குழாய் அடைப்பு எடுக்கிறவனுக்கு
சிலே முழுக்கத் தேடினாலும் இதைவிட நல்ல ஊர் இல்லை.
ஆனாலும் என் இணையதளத்துக்கு
நாளொன்றுக்கு மூன்று பேர் வந்தார்கள்.
அதில் இரண்டு பேர் நான்.
மூன்றாவது ஆள் என் மைத்துனி யஸ்னா,
தளத்தைக் கட்டிக்கொடுத்தவள்,
இன்னும் விழாமல் நிற்கிறதா என்று பார்க்க வருவாள்.

"கடையைத் திறந்துவைத்து
உள்ளேயே உட்கார்ந்திருந்தால் யார் வருவார்கள்?
தெருவுக்குப் போ, ரோசாமெல்."
தெரு என்று அவள் சொன்னது
இன்ஸ்டாகிராமை.
"தினம் ஒரு படம், வாரம் ஒரு கட்டுரை.
அடியில் தளத்தின் முகவரி.
தானாக ஆள் வரும்."

எழுதினேன்.
'எண்ணெயை ஏன் தொட்டியில் ஊற்றக் கூடாது':
நான்கு பேர்.
'முடி, மௌனமான எதிரி':
ஒன்பது பேர். தலைப்பு யஸ்னாவுடையது.
குழாய்க்குள்ளிருந்து எடுத்த கரண்டி,
ஒரு கால் இல்லாத பொம்மைச் சிப்பாய்,
யாரோ கோபத்தில் கழற்றிப் போட்ட தாயத்து
எல்லாவற்றையும் படம் பிடித்துப் போட்டேன்.

மனைவி தூங்கிய பிறகு
வருகைக் கணக்கைத் திறப்பேன்.
நீலக் கோடு
செத்த பாம்பு மாதிரி தரையோடு கிடக்கும்.
ஏப்ரலில் ஒருநாள் அதன் வால் அசைந்தது:
ஒசோர்னோவிலிருந்து யாரோ
இரண்டு நிமிடம் பதினாறு விநாடி
எண்ணெய்க் கட்டுரையில் இருந்திருக்கிறார்.
யார் நீ,
அவ்வளவு நேரம் என்ன படித்தாய்,
ஒரு வார்த்தை சொல்லாமல் ஏன் போனாய்?

ஜூன் மாதம், லாஸ் ஆனிமாஸ் பக்கம்,
ஒரு வீட்டுக் குழாயில் பல்செட் கிடைத்தது.
மேல்தாடை. முழுசு. ஒரு பல் தங்கம்.
அந்த வீட்டில் அத்தனை பேருக்கும் சொந்தப் பல்.
கழுவி, கையுறையில் ஏந்தி,
'உரியவர் தயவுசெய்து சிரிக்க வேண்டாம்'
என்று எழுதிப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

விடிவதற்குள் நாற்பத்தோராயிரம் பேர்.
பாம்பு எழுந்து படமெடுத்து நின்றது.
மெக்ஸிகோ, போலந்து,
என் நாக்குக்கு வராத பெயர்கொண்ட ஊர்கள்.
வந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள்,
பல்லைக் காட்டினார்கள்,
போனார்கள்.
'சேவைகள்' என்ற பொத்தானை
ஒரு விரல்கூடத் தொடவில்லை.
ஒரே ஒரு அழைப்பு வந்தது:
தங்கத்தை மட்டும் தனியாக விற்பீர்களா?

மாலை நாலரைக்குத் தளம் விழுந்தது.
நான் மாதம் நாலாயிரம் பெசோ கொடுத்து
வாடகைக்குப் பிடித்திருந்த இடம்
அத்தனை பேரைத் தாங்கவில்லை.
இருபது வருஷமாக
மண்டியிட்டுப் பார்த்துவரும் அதே காரியம்தான்:
ஒடுக்கமான குழாய்,
எல்லாம் ஒரே நேரத்தில்.

அன்றிரவு இரண்டு தெரு தள்ளி
நில்டா ஓயார்சோவின் சமையலறையில்
தண்ணீர் கணுக்கால்வரை ஏறியது.
என் எண் தேடி என் தளத்தைத்தான் திறந்திருக்கிறாள்.
சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்துச் சலித்து,
ரப்பர் செருப்போடு நடந்து வந்து
என் கதவைத் தட்டினாள்.

கம்பியை விட்டுத் துழாவினேன்.
கொழுப்பு. சோப்புக்கட்டி போல உறைந்து,
முழங்கை நீளத்துக்கு.
"எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினீர்களா?"
"ஊற்றினேன்.
ஊற்றக் கூடாது என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன்.
படித்த பிறகும் ஊற்றினேன்."

"எங்கே படித்தீர்கள்?"
"அக்கா வீட்டில். ஒசோர்னோவில்.
மழை, பொழுது போகவில்லை."
"முழுசும் படித்தீர்களா?"
"எங்கே.
நடுவில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது."

இரண்டு நிமிடம் பதினாறு விநாடி, என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
சட்டைப் பையில் கைப்பேசி
யாருக்காகவோ நடுங்கிக்கொண்டே இருந்தது.
தண்ணீர் ஒருமுறை விக்கியது,
பிறகு
வழி கிடைத்து இறங்கியது.